வரி குறைந்தது, டின் விலை குறையவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

பெரம்பூரில் வீட்டிலேயே முறுக்கு, தட்டை சுட்டு விற்கிறேன். மாதம் நான்கு டின் பாமாயில் ஆகும். 2024 செப்டம்பரில் மத்திய அரசு கச்சா பாமாயிலுக்கான அடிப்படை இறக்குமதி வரியை 20 சதவீதமாக்கியது. இரண்டே நாளில் டின் விலை ஏறிவிட்டது, கடையில் ஏற்கெனவே இருந்த சரக்குக்கும் சேர்த்து. நானும் பாக்கெட்டுக்கு ஐந்து ரூபாய் ஏற்றினேன், வேறு வழியில்லை.

2025 மே இறுதியில் வரி 10 சதவீதமானது. அப்புறம் போய்க் கேட்டால், "இது பழைய வரியில வந்த சரக்கும்மா" என்கிறார் கடைக்காரர். ஏற்றும்போது இந்தக் கணக்கு எங்கே போனது? சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதிதான். வரிக் குறைப்பு சில்லறைக் கடை வரை வந்ததா என்று அதிகாரிகள் நேரில் பார்க்க வேண்டும்.

ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை