கீழ்ப்பழனி மலைக் காபி விவசாயிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விவசாயப் பெருமக்களுக்கு,

இராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் கடைமடைப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் ஒரு விவசாயி வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் காபித் தோட்டங்களில் நிழல் தரும் பல இன மரங்களை நீக்கிவிட வேண்டாம் என்று கேட்கவே இம்மடல். காபிச் செடியே முளைக்காத உவர்மண்ணில் இருந்துகொண்டு தங்களிடம் பேசுவதற்கு எனக்குள்ள உரிமை தண்ணீரால் வந்தது. தங்கள் மலையில் பெய்யும் மழையில் ஒரு பங்கு மஞ்சளாற்றின் வழியே வைகையில் சேர்கிறது. அந்த வைகைதான், தண்ணீர் வரும் ஆண்டுகளில், எங்கள் பெரிய கண்மாயில் வந்து அடைகிறது. பலாவும் அத்தியும் கல்யாண முருங்கையும் கலந்து நிற்கும் தோட்டத்தில் மழை இலைகளில் பட்டுச் சிதறி, சருகில் ஊறி, மெல்லக் கீழிறங்குகிறது. மரமற்ற சரிவில் அதே மழை மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடுகிறது.

எங்கள் முன்னோர் காபியை வேறொரு விதமாக அறிந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கரையிலிருந்து தோணியேறி மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்து, கண்டிச் சீமைக் காபித் தோட்டங்களில் கூலிகளாக உழைத்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் பலர். அங்கே காட்டை அடியோடு வெட்டி எரித்து, பெரும்பாலும் நிழலின்றியே மலை மலையாகக் காபி நட்டார்கள். 1869-இல் இலைத்துரு நோய் தென்பட்டது. இருபதாண்டுகளுக்குள் அந்தத் தொழிலே சரிந்து தேயிலைக்கு இடம்விட்டது. நிழலின்மை ஒன்றே அதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே பயிரை இடைவெளியின்றி நிரப்பிய நிலம் நோய்க்கு எவ்வளவு எளிதாக வழிவிடும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

வெயிலில் வளர்க்கும் செடி, உரமும் நீரும் தாராளமாகக் கொடுத்தால், கூடுதலாகக் காய்க்கலாம் என்பது உண்மை. எனினும் எத்தியோப்பிய மலைக்காட்டின் நிழலில் தோன்றிய செடி அராபிகா என்னும் காபி இனம். வெள்ளைத் தண்டுத்துளைப்பான் வெயில் படும் செடிகளையே விரும்பித் தாக்குவதால் நிழலைக் குறைப்பது அப்பூச்சியை அழைப்பதற்கு ஒப்பாகும் என்பதைத் தாங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். காபி விலை வீழும் ஆண்டில் மிளகும் ஆரஞ்சும் மலைவாழையும் குடும்பத்தைத் தாங்குகின்றன.

அக்டோபர் மாதங்களில் எங்கள் பனந்தோப்பில் ஆறுமணிக்குருவிகள் களைத்து இறங்குவதைக் கண்டிருக்கிறேன். இமயத்தின் அடிவாரத்திலிருந்தும் நடு இந்தியாவிலிருந்தும் வரும் அச்சிறு பறவைகள் குளிர்காலத்தைத் தென்னாட்டிலும் இலங்கையிலும் கழிக்கின்றன. சருகைக் கிளறிப் பூச்சி தின்னும் அவற்றுக்கு நிழலும் சருகும் உள்ள காபித் தோட்டம் ஏறக்குறையக் காடேதான். கிளைகள் கோத்து நிற்கும் மரங்கள் இருந்தால்தான் மலையணிலும் தரையிறங்காமல் கடந்து செல்ல முடியும்.

ஆகவே பல இன மரங்களை நீக்கிவிட்டு, நேராக வளர்ந்து விரைவில் காசாகும் சில்வர் ஓக்கை மட்டும் நடுவதைத் தவிர்க்குமாறு வேண்டுகிறேன். ஒரே மரம் ஊரை நிறைத்தால் என்ன நேரும் என்பதைச் சீமைக்கருவேலத்தால் கற்றவர்கள் நாங்கள். சில்வர் ஓக் நம் மலைகளில் அந்த அளவுக்குத் தானே பரவுவதில்லை. ஆயினும் அத்தியும் பலாவும் தரும் கனியை அதனிடம் எந்தப் பறவையும் பெற முடியாது.

எங்கள் கடைகளில் விற்கும் காபித்தூள் பொட்டலங்களில் அது எந்த மலையில், எந்த மரங்களின் நிழலில் விளைந்தது என்ற விவரத்தை நான் கண்டதில்லை. தங்கள் சங்கங்கள் வழியாக அந்த ஒரு வரியை அச்சிட்டு அனுப்புங்கள். கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தேனும் அதை வாங்குவேன். எங்கள் கண்மாய்ப் பாசனக்காரர்களிடமும் வாங்கச் சொல்லிக் கேட்பேன்.

இப்படிக்கு,
வைகைக் கடைமடை விவசாயி ஒருவர்