டெல்லிக்குக் கிளம்பும் முன் ஒரு பெயர்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் டெல்லி சுற்றுலா பிப்ரவரி இரண்டாம் வாரம் என்று முடிவாகிவிட்டது. ஜனவரியில் குடியரசு நாள் ஒத்திகை நடக்கும், இந்தியா கேட் பக்கம் நிம்மதியாக நடமாட முடியாது. அதனால்தான் தள்ளி வைத்தோம். காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல், அங்கிருந்து இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். இரண்டு இரவுகள் ரயிலில்தான். ரயில், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் தனித்தாளில் இருக்கிறது. இந்தக் கடிதம் வேறு விஷயத்துக்கு.

முதல் நாளின் பெரும்பகுதியைத் தேசியப் போர் நினைவிடத்துக்கு ஒதுக்கியிருக்கிறோம். "குதுப்மினாரை விட்டுவிட்டு அங்கே என்ன சார் அவ்வளவு நேரம்?" என்று கூட்டத்தில் ஒரு அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். அன்று அவசரத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

மூன்று வருடம் முன்பு இதே சுற்றுலாவில் ஒரு மாணவி தன் கொள்ளுத்தாத்தா பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பென்சில் பாக்ஸுக்குள் மடித்து வைத்துக்கொண்டு வந்தாள். அவர் இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இறந்தவர். "இந்தியா கேட்டில் எல்லாப் பெயரும் இருக்கும்மா" என்று ரயிலிலேயே நான்தான் தைரியமாகச் சொல்லிவிட்டேன். அங்கே போய்ப் பார்த்தால், அந்தப் பெயர் இருக்க வழியே இல்லை. இந்தியா கேட் முதல் உலகப் போரிலும் 1919 ஆப்கன் போரிலும் இறந்தவர்களுக்காகக் கட்டியது. 1931இல் திறந்தார்கள். அதில் 13,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் இருக்கும் தேசியப் போர் நினைவிடமோ சுதந்திரத்துக்குப் பிறகு உயிர்விட்டவர்களுக்கானது. இரண்டாம் உலகப் போரில் போனவர் இரண்டிலும் இல்லை. அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை, சீட்டை மறுபடி மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். வரலாற்று வாத்தியாராக இருபது வருடம் ஓட்டியவன் நான். அன்று வெட்கமாகத்தான் இருந்தது.

ஊருக்கு வந்து விசாரித்த பிறகுதான் விவரம் புரிந்தது. பர்மா போர்முனையில் இறந்து, கல்லறைகூட இல்லாமல் போனவர்கள் சுமார் 27,000 பேரின் பெயர்கள் ரங்கூன் அருகே தாவுக்கியான் கல்லறைத் தோட்டத்தில் தூண்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். அந்த மாணவியின் கொள்ளுத்தாத்தா அதில் கிடைத்தார்.

அதனால் இந்த முறை முன்கூட்டியே கேட்கிறேன். நம் வேலூர் மாவட்டத்தில் ராணுவத்துக்குப் பிள்ளையை அனுப்பாத தெரு உண்டா? கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறோம். உங்கள் வீட்டிலோ, சொந்தத்திலோ, ஊரிலோ பணியில் உயிர்விட்டவர் யாராவது இருந்தால், அவர் பெயர், பதவி, ரெஜிமென்ட், இறந்த வருடம் ஆகியவற்றைப் பிள்ளையிடம் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். 1947க்குப் பிந்தையவர் என்றால் நினைவிடத்தின் இணையதளத்தில் தேடி, பெயர் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்து வைத்துவிடுவோம். யாரும் இல்லையென்றாலும் பரவாயில்லை, ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி இருக்கிறார். 2020 ஜூனில் லடாக் எல்லையில் கல்வானில் சீனப் படையுடன் நடந்த மோதலில் உயிர்விட்டவர், வீர் சக்ரா என்ற போர்க்கால வீர விருது பெற்றவர்.

நினைவிடம் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் சென்னைக் கட்டடக் கலைஞர் யோகேஷ் சந்திரஹாசன் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், நம்ப மாட்டார்கள். நடுவில் அணையா விளக்குடன் ஒரு தூண், அதைச் சுற்றி வட்டத்துக்குள் வட்டமாக நான்கு சக்கரங்கள். வெளிவட்டம் முழுக்க மரங்கள். அந்த நான்கில் ஒன்றான தியாக சக்கரத்தில்தான் பெயர்கள்: ஆளுக்கு ஒரு கிரானைட் கல், அதில் பொன்னெழுத்து. திறந்தபோதே கிட்டத்தட்ட 26,000 கற்கள். அந்தச் சுவர்களைச் சக்கரவியூகம் மாதிரி அமைத்திருக்கிறார்கள், அபிமன்யு கதையை வீட்டில் ஒருமுறை சொல்லி அனுப்பினால் நல்லது. போர்க்கால வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா பெற்றவர்களின் மார்பளவுச் சிலைகள் தனியாக இருக்கின்றன. அதில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனைக் கட்டாயம் பார்ப்போம். சென்னையில் ராணுவப் பயிற்சி முடித்து, இந்திய அமைதிப்படையில் போய் 1987 நவம்பரில் இலங்கையில் இறந்தவர்.

மாலையில் உயிர்விட்ட வீரர் ஒருவரின் குடும்பத்தார் வந்து மலர்வளையம் வைப்பார்கள். போன முறை அந்த நேரத்தில் நம் பையன்கள் இரண்டு பேர் செல்ஃபி எடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒரு அம்மா கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு நின்றார். பையன்களுக்கு அது கண்ணில் படவே இல்லை. இந்த முறை அந்த ஒரு மணி நேரம் போன்கள் ஆசிரியர் பையில் இருக்கும். இதில் விதிவிலக்கு கேட்காதீர்கள்.

மற்றவை சுருக்கமாக. இந்தியா கேட் அருகே கல் மண்டபத்தில் நேதாஜி சிலை, 28 அடி, ஒரே கருங்கல். முன்பு அங்கே ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் நின்றிருந்தார். அப்புறம் கர்தவ்ய பாதையில் (முன்பு ராஜபாதை) குடியரசுத் தலைவர் மாளிகைப் பக்கம் நடை. மறுநாள் தேசிய அருங்காட்சியகம், காந்தி சுட்டுக்கொல்லப்பட்ட இடமான காந்தி ஸ்மிருதி. திங்கட்கிழமை இரண்டுக்கும் விடுமுறை என்பதால் நாட்களை அதற்குத் தகுந்தாற்போல் மாற்றியிருக்கிறோம். காந்தி ஸ்மிருதியில் அவர் கடைசியாக நடந்த பாதையில் காலடிகளைக் கல்லில் வைத்திருக்கிறார்கள். அது கடைசி இடம், பிள்ளைகள் களைத்திருப்பார்கள். ஆனாலும் விடுவதாக இல்லை.

இத்துடன் உள்ள சம்மதப் படிவத்தின் கீழே இரண்டு வரி காலியாக விட்டிருக்கிறேன். பெயரை அங்கே எழுதி, கையெழுத்திட்டு, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். தாத்தா பாட்டியைக் கேட்டு எழுதினால் விவரம் சரியாக இருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: பிப்ரவரியில் நமக்கு வெயில் தொடங்கிவிடும், டெல்லியில் காலையில் பல் கிட்டும். ஸ்வெட்டர் கடன் வாங்கியாவது கொடுத்தனுப்புங்கள்.