‘பேங்க் பக்கமே போகாதீங்க’ என்று சொன்னதற்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்

கோத்தகிரி,
12 மே 2025

பெறுநர்: கிளை மேலாளர், கடன் தீர்வு ஆலோசனை நிறுவனம், கோயம்புத்தூர்.

பொருள்: வீட்டை ஏலத்திலிருந்து மீட்டுத் தருவதாக வாங்கிய 39,500 ரூபாய், இரண்டு காசோலை, கையெழுத்துப் போட்ட வெற்று முத்திரைத்தாள் ஆகியவற்றைத் திருப்பிக் கேட்டு.

வணக்கம் சார்,

நான் கோத்தகிரியில் டீக்கடை வைத்திருக்கிறேன். போன் பண்ணும்போதெல்லாம் உங்கள் ஆள் “நீங்க லேட்டா வந்தீங்க அக்கா, அதான் இப்படி ஆயிடுச்சு” என்கிறார். நான் லேட்டாக வரவில்லை. எந்த நிலைமையில் வந்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

2019 ஜூனில் 14 லட்சம் வீட்டுக் கடன் வாங்கினோம். மாதம் 15,475 ரூபாய் தவணை. கொரோனா சமயத்தில்கூட நகையை வைத்துக் கட்டினோமே தவிர நிறுத்தவில்லை. 2024 ஜூலையில் என் வீட்டுக்காரர் பச்சைத் தேயிலை மூட்டை ஏற்றும்போது ஈரமான வரப்பில் சறுக்கி விழுந்து தொடை எலும்பு உடைந்துவிட்டது. பிக்கப் வண்டி நின்றது, ஆபரேஷனுக்குச் சேமிப்பு போனது, டூரிஸ்ட் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததிலிருந்து கடையிலும் கூட்டம் குறைவு. ஆகஸ்டிலிருந்து தவணை நின்றுபோனது. இந்த வருஷம் ஜனவரி 21ஆம் தேதி சர்ஃபேசி சட்டம் 13(2) பிரிவு என்று போட்டு நோட்டீஸ் வந்தது. கோர்ட்டுக்குப் போகாமலே அடமான வீட்டை வங்கி எடுத்து ஏலம் விடலாம் என்கிற சட்டம் அது. நின்றுபோன தவணையை மட்டும் கேட்கவில்லை, மொத்தக் கடனையும், பதினோரு லட்சத்துக்கு மேலே, 60 நாளைக்குள் கட்டு என்று இருந்தது. அந்தத் தொகையைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் நாங்கள் கட்டாமல் விட்டது ஆறு தவணைதான், 92,850 ரூபாய். கையில் 60,000 இருந்தது, மிச்சத்தைத் தம்பி தருகிறேன் என்றிருந்தான். பாக்கி முழுவதையும் கட்டிவிட்டால் கணக்கு பழையபடி ஓட வாய்ப்பு உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது. கடனுக்கு வழி சொல்வதையே தொழிலாக வைத்திருக்கும் உங்களுக்கு அது தெரியாமல் இருக்காது.

பிப்ரவரி 3ஆம் தேதி விடியற்காலை பஸ் ஏறி மேட்டுப்பாளையம் வழியாகக் கோவை வந்து உங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்தேன். உங்கள் ஆள் நோட்டீஸின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார். “பேங்க் பக்கமே போகாதீங்க அக்கா, நீங்க பேசுறதையே உங்களுக்கு எதிரா எழுதிக்குவாங்க, போன் வந்தா எடுக்காதீங்க, பணம் கட்டாதீங்க, நாங்க பாதிக்குப் பாதி பேசி முடிச்சுத் தர்றோம்” என்றார். அந்த 60,000 ரூபாயில் 35,000 உங்கள் ஃபீஸாகப் போனது. ரிசர்வ் வங்கியில் மனு போடக் கட்டணம் என்று 4,500 தனியாக வாங்கினீர்கள். ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்க ஒரு பைசா கட்டணம் கிடையாது சார், 14448 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்டால் அவர்களே சொல்கிறார்கள். அந்த 4,500 எங்கே போனது?

நோட்டீஸுக்குக் கடன் வாங்கியவர் பதில் எழுதலாமாம், எழுதினால் 15 நாளைக்குள் வங்கி பதில் சொல்லியாக வேண்டுமாம். கால் உடைந்த கதையையும் ஆஸ்பத்திரி சீட்டையும் வைத்து ஒரு பக்கம் எழுதிப் போட்டிருந்தாலே வங்கியோடு பேச்சு ஆரம்பித்திருக்கும். அந்த ஒரு பக்கத்தைக்கூட நீங்கள் எழுதவில்லை. பிப்ரவரி 20ஆம் தேதி வாட்ஸப்பில் ஒரு படம் மட்டும் வந்தது, கோவை கடன் வசூல் தீர்ப்பாயத்தில் ஸ்டே வாங்கியாச்சு, நிம்மதியாத் தூங்குங்க என்று. நானும் நம்பினேன். வங்கியிலிருந்து வந்த போனை ஒவ்வொரு முறையும் எடுக்காமல் விட்டேன்.

ஏப்ரல் 8ஆம் தேதி வீட்டை வங்கி எடுத்துக்கொள்கிறது என்று கதவில் சுவாதீன நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அன்றைக்கு மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது, பசை காயவே இல்லை. மறுநாள் காலையில் கதவைத் திறக்கும்போதும் தாளின் ஓரம் ஈரமாக என் கையில் ஒட்டியது. பேப்பரிலும் விளம்பரம் வந்தது. அதற்கப்புறம் உதவி செய்கிறோம் என்று போனுக்கு மேல் போன். ஒருவர் மூன்று வட்டிக்குப் பணம் தருகிறேன், வீட்டுப் பத்திரம் மீண்டதும் என்னிடம் கொடுத்துவிடுங்கள் என்றார். இன்னொருவர் ஏழு லட்சம் ரொக்கம், நாளைக்கே கிரயம் என்றார், பதினோரு லட்சம் கடன் இருக்கிற வீட்டுக்கு! இவர்களையெல்லாம் ஒரே பேச்சில் அனுப்பிவிட்டேன், என்ன வேண்டும் என்று நேராகவே கேட்டார்கள். உங்கள் ஆள்தான் அப்படிக் கேட்கவில்லை.

12ஆம் தேதி சனிக்கிழமை அவர் வீட்டுக்கே வந்தார். “பேங்க்ல உங்க சார்பா பேச ஒரு பவர் வேணும், சும்மா ஃபார்மாலிட்டி” என்று நான்கு பக்கம் நீட்டினார். வாசல் படியில் உட்கார்ந்து விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அவர் இரண்டு தடவை மணியைப் பார்த்தார். முதல் பக்கம் முழுக்க வங்கியோடு பேசுவது பற்றித்தான். மூன்றாம் பக்கத்தில் நடுவில், “மேற்படி வீட்டை விற்கவும், கிரயத் தொகையைப் பெற்றுக்கொள்ளவும், பத்திரம் எழுதிக் கொடுக்கவும்” என்று ஒரு வரி. பேச்சுவார்த்தைக்கு எதற்கு சார் வீட்டை விற்கிற அதிகாரம்? பேனாவை மூடி அவர் கையில் கொடுத்தேன். “அப்புறம் வீடு போனா எங்களைக் கேக்காதீங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சித்திரை ஒன்றுக்கு மறுநாள் ஊட்டிக்குப் போய் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டேன். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் கொடுப்பார்களாம், பக்கத்துக் கடை அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும். நோட்டீஸையும் ஆதாரையும் தவிர வேறு எதையும் அவர்கள் கேட்கவில்லை. வக்கீலம்மா நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, “இதுல கேஸ் நம்பரே இல்லையேம்மா” என்றார். 13(2) நோட்டீஸ் நிலையில் தீர்ப்பாயத்தில் மனுவே போட முடியாதாம். 13(4)இன்படி சுவாதீனம் எடுத்த பிறகுதான், அதுவும் 45 நாளுக்குள் போட வேண்டுமாம். அப்படியானால் பிப்ரவரியில் நீங்கள் வாங்கியதாகச் சொன்ன ஸ்டே எது? நல்லவேளை, எனக்கு அந்த 45 நாள் மிச்சம் இருந்தது.

வழக்கு வரை போகவில்லை. வக்கீலம்மா சொன்னபடி எழுதி எடுத்துக்கொண்டு வங்கிக்கே போனேன். மேனேஜர் கேட்ட முதல் கேள்வி, “ஏம்மா, ஜனவரியிலேயே வந்திருக்கலாமே, எத்தனை தடவை போன் பண்ணினோம்?” என்பதுதான். எனக்குப் பதில் வரவில்லை. ஒன்பது தவணை 1,39,275 ரூபாய், அதோடு நோட்டீஸ் செலவு, பேப்பர் விளம்பரச் செலவு, அபராதம் என்று 21,000. தம்பி கொடுத்ததும் என் தாலிக்கொடி அடகுமாகச் சேர்த்து மே 2ஆம் தேதி கட்டினோம், கணக்கு மறுபடி ஓடுகிறது. ஜனவரியில் 92,850 ரூபாயோடு ஏறக்குறைய முடிந்திருக்கும் விஷயம் சார் இது.

எனக்கு 39,500 ரூபாயும் திரும்ப வேண்டும். தொகை போடாத இரண்டு காசோலையும், பிப்ரவரி 3ஆம் தேதி என்னிடம் கையெழுத்து வாங்கிய 20 ரூபாய் முத்திரைத்தாளும் வேண்டும், அதன் நகலை வைத்திருக்கவில்லை என்று உங்கள் லெட்டர்பேடில் எழுதியும் வேண்டும். காசோலைகளுக்குப் பணம் தரக் கூடாது என்று வங்கியில் ஏற்கனவே எழுதிக் கொடுத்துவிட்டேன். என் ஆதார், பட்டா நகல்களை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

இந்தக் கடிதம் கிடைத்து 15 நாளுக்குள் வராவிட்டால் ஊட்டி நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. உங்கள் ரசீது, வாட்ஸப் படம், அந்த நான்கு பக்கப் பவரின் போட்டோ எல்லாம் பத்திரமாக இருக்கிறது, அந்தப் போட்டோவை உங்கள் ஆள் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது என் மகன் எடுத்தான்.

ஆளை அனுப்ப வேண்டாம். பதிவுத் தபாலில், கடை முகவரிக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பிப்ரவரி 3ஆம் தேதி ரசீதில் உள்ள வாடிக்கையாளர்