வேட்டியில் ஓட்டை போட்ட பேட்டரி

பாளையங்கோட்டை

அன்புள்ள ராமு,

முழங்கால் எப்படி இருக்கிறது? படியேற ஆரம்பித்துவிட்டாய் என்று உன் வீட்டில் சொன்னார்கள், சந்தோஷம். ஆனால் நீ படுத்த நாளிலிருந்து வாசலில் நிற்கிற உன் கார்தான் எனக்குக் கவலை. வாட்ச்மேனை விட்டு வாரம் ஒருமுறை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி அணைக்கச் சொல்கிறாயாமே! வாரம் முழுக்க பேட்டரியில் இறங்கியதை அந்த அஞ்சு நிமிஷ ஐடிலிங்கில் திருப்பிப் போட முடியாதடா.

என் கதையைக் கேள். பெங்களூரில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்து மாருதியில் சாவியைத் திருகினால், 'டிக்' என்றுகூடச் சத்தம் இல்லை. மீட்டர் வைத்துப் பார்த்தேன்: 12 வோல்ட் பேட்டரியில் வெறும் 7.8 வோல்ட். பேட்டரிக் கடைக்காரர் எட்டிக்கூடப் பார்க்காமல், "செத்துப்போச்சு சார், மாத்திடுங்க" என்றார். பழசுக்கு எடை போட்டுக் கழித்துக்கொள்வாராம். எனக்கு வீம்பு வந்துவிட்டது. நிறைந்ததும் தானே அடங்கிக்கொள்கிற மெயின்டனன்ஸ் சார்ஜர் ஒன்று வாங்கினேன்.

வண்டி சும்மாதானே நின்றது, எப்படி இறங்கியது என்று முதலில் தேடினேன். நான் மாட்டிய அலாரம் வண்டி நிற்கும்போதும் 45 மில்லிஆம்பியர் குடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு ஆம்பியர்-ஹவருக்குக் கொஞ்சம் மேலே. என் பேட்டரியின் கொள்ளளவே 35 ஆம்பியர்-ஹவர்தான். கணக்கு நீயே போட்டுக்கொள், ஒரு மாதம் தாண்டினாலே முழுசும் காலி. இறங்கிய பேட்டரியில் உள்ளே இருக்கிற ஈயப் பிளேட்டெல்லாம் லெட் சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். மாதக்கணக்கில் விட்டால் கற்கண்டு மாதிரி இறுகிக்கொள்ளும்.

புதுச் சார்ஜரை மாட்டினால் அது கண்டுகொள்ளவே இல்லை. வோல்ட் அவ்வளவு கீழே போனால் பேட்டரி இருக்கிறது என்றே ஒப்புக்கொள்ளாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் நல்ல பேட்டரி ஒன்று இரவல் வாங்கி, பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று இருபது நிமிஷம் இணைத்து வைத்தேன். அப்புறம்தான் சார்ஜருக்கு ஞானோதயம்.

நடுவில் ஒரு முட்டாள்தனம். மூடிகளைத் திறந்தால், உள்ளே இருக்கிற ஆறு செல்லில், அதாவது ஆறு அறையில், இரண்டில் தண்ணீர் வற்றிப் பிளேட் தெரிந்தது. டிஸ்டில்ட் வாட்டரைக் கழுத்துவரை ஊற்றிவிட்டேன். பிளேட் மூழ்குகிற அளவுக்கு மட்டும் விட்டு, சார்ஜ் ஏறின பிறகு மீதியை நிரப்ப வேண்டுமாம். ஏற ஏற ஆசிட் பொங்கி வழிந்தது. துடைத்தேன், எல்லாம் சரி என்று நினைத்தேன். அடுத்த சலவையில் வேட்டி சல்லடையாக வந்தது. வாங்கிய திட்டை எழுத இந்தத் தாள் போதாது.

இரண்டு பகல், இரண்டு இரவு ஏறியது. 14.4 வோல்ட் வரை போய், நிறைந்ததும் தானே 13.5-க்கு இறங்கி நின்றுகொள்கிறது. அதனால் மாட்டியபடியே விட்டுவிடலாம். பழைய சார்ஜர் மாதிரி அவித்துவிடாது. கழற்றி ஒரு ராத்திரி விட்டுப் பார்த்தேன், 12.5. கிராவிட்டி, அதாவது ஆசிட்டின் அடர்த்தி, ஐந்து செல்லில் 1250, ஒன்றில் மட்டும் 1230. செல்ஃப் அடிக்கும்போது 10.1 வரைதான் இறங்கியது. பிழைத்துவிட்டது! சார்ஜரில் 'ரிப்பேர்' என்று ஒரு பட்டன் இருக்கிறது, அதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நிதானமாக ஏற்றியதுதான் வேலை செய்தது என்பது என் கட்சி.

அந்த ஜோரில் மருமகனின் ஸ்கூட்டர் பேட்டரியையும் தூக்கி வந்தேன். மூன்று தடவை ஏற்றியும் 10.5-ஐத் தாண்டவில்லை. ஆறு செல், ஆளுக்கு 2.1 வோல்ட், ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் சரியாக அந்தக் கணக்குத்தான் வரும். அதை எந்தச் சார்ஜராலும் எழுப்ப முடியாது. கடைக்காரரிடமே எடைக்குப் போட்டேன். அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

உன்னுடையது மூடி திறக்காத சீல்டு பேட்டரி, தண்ணீர் வேலை கிடையாது. டெர்மினலில் பூத்திருக்கிற வெள்ளையை வெந்நீரும் சமையல் சோடாவும் போட்டுத் தேய்க்கச் சொல். சிவப்பு கிளிப் பிளஸ்ஸில், கறுப்பு பாடி இரும்பில், அதற்கப்புறம்தான் சுவிட்ச். சிகரெட்டை விட்டுவிட்டாய் என்று நம்பி எழுதுகிறேன்: சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் தீப்பெட்டி கூடாது.

மீட்டரில் 12.2 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் பாதிக்கு மேல் காலி, அன்றைக்கே எனக்கு ஃபோன் பண்ணு. அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்கு மதுரை வருகிறேன், சார்ஜரைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறேன். வேட்டி மட்டும் உன்னுடையதைக் கொடு.

உன்,
சங்கரன்