புளி போட்டுத் துலக்கிவிடாதே

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. பெரும்போக நெல் வெட்டு நல்லபடி முடிந்ததும், மகளுக்குத் திருக்கோவிலிலேயே ஆசிரியர் நியமனம் கிடைத்ததும் மனதுக்குப் பெரிய ஆறுதல். இங்கு எல்லோரும் சுகம். ஆனால் உன் கடிதத்தின் கடைசி வரி என்னைச் சும்மா இருக்க விடவில்லை. அம்மம்மாவின் பெட்டகத்தில் கிடந்த செப்புக் காசுகளை, வாங்க வருகிறவருக்குக் காட்டுமுன் புளி போட்டுத் துலக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து அதைச் செய்யாதே. தேசிக்காயும் வேண்டாம், பிராசோ பாலிஷும் வேண்டாம்.

குத்துவிளக்கைத் துலக்கினால் அழகு கூடும். காசைத் துலக்கினால் அதன் மேற்தோல் போய்விடும். விலையே அந்தத் தோலில்தான் இருக்கிறது. புளிப்பு செம்பை மெல்ல அரித்து, வெளிறிய இளஞ்சிவப்பு நிறத்தில் விட்டுவிடும். தேய்த்த கீறல்கள் நுண்ணிய கோடுகளாக நிற்கும். பழகிய கண் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடும். புதுச் செம்பு சிவப்பு. காலப்போக்கில் அது பழுப்பாகிறது. சிவப்பு மீதமிருந்தால் விலை கூடும், ஆனால் சீராகப் படிந்த பழுப்பும் நல்ல காசுக்கு அடையாளம்தான். நூறு ஆண்டுக்கு மேல் எடுத்துப் படிந்த அந்த நிறத்தை எவராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

நீ எழுதிய விக்டோரியா ராணியின் 1870 ஐந்து சதக் காசை எடுத்துக்கொள். ஓரத்தைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து விழும்படி வைத்து, பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியால் பார். முதலில் தேய்வது மேடான இடங்கள். ராணியின் காதுக்கு மேலுள்ள மயிர் இழை இழையாகப் பிரிந்து தெரிந்தால் அதிகம் புழங்காத காசு. ஒரே தட்டையாக வழுவழுத்திருந்தால் பல கை மாறியது. மறுபக்கத்து மரத்தின் ஓலைகளையும் அப்படியே பார். சில காசுகளில் அச்சே சரியாக விழாமல் இருக்கும். அங்கு உருவம் மங்கலாக இருந்தாலும் உலோகத்தின் மினுக்கம் கெடாது. தேய்ந்த இடத்தில் மினுக்கம் இராது. இந்த வேறுபாட்டைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பச்சைக் களிம்பில் கவனம் தேவை. கெட்டியாக, கரும்பச்சையாக ஒட்டியிருப்பது பெரும்பாலும் அடங்கிப்போனது. வெளிர்பச்சை நிறத்தில் மாவாக உதிர்வதுதான் ஆபத்து. செம்புக்குள் புகுந்த உப்பும் காற்றின் ஈரமும் சேர்ந்து காசை உள்ளிருந்தே தின்கின்றன. நம் கரையோரத்து உப்புக் காற்று இதற்குத் தோதானது. பல் குத்தும் குச்சியால் மெல்லத் தொட்டுப் பார். உதிர்ந்தால் அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, உலர்வான இடத்தில் வை.

ஒல்லாந்தர் துட்டும் இருக்கிறது என்றாய். ஒரு பக்கத்தில் ஒல்லாந்தக் கம்பனியின் VOC முத்திரையும் மறுபக்கத்தில் ஒல்லாந்து நாட்டு மாகாணம் ஒன்றின் சின்னமும் இருக்கும். அலைக்கு மேலே பாதி உடலோடு எழும் சிங்கமானால் அது சீலந்து மாகாணத்துக் காசு. 18ஆம் நூற்றாண்டுக் காசு ஆயிற்றே என்று பெரிய விலை எதிர்பார்க்காதே. அவை ஏராளமாக அடிக்கப்பட்டவை. தேய்ந்த துட்டைவிட, அதற்குப் பிந்திய உன் ஐந்து சதம் நல்ல நிலையில் இருந்தால் கூடுதலாகப் போகலாம். வயதைவிட நிலைமையும் கிடைப்பதன் அருமையும்தான் பேசும். 1815ஆம் ஆண்டு யானைக் காசு ஏதும் இருந்தால் உடனே அறிவி; அது எனக்கு மிகப் பிடித்தது.

போலியைப் பிரிக்க நகைக்கடைத் தராசு உதவும். அந்த ஐந்து சதம் 19 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவும், ஒரு சதம் 4.7 கிராம் அளவிலும் நிற்க வேண்டும். வார்த்த போலியில் ஊசிக்குத்துப் போன்ற குழிகளும், விளிம்பைச் சுற்றி ஒரு பொருத்துக் கோடும் தெரியும்.

மென்மையான பிளாஸ்டிக் பைகளில் போடாதே, அவற்றிலிருந்து கசிவது செம்பைப் பச்சையாக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடதாசி உறையில் இடு. வருகிறவர் எல்லாவற்றுக்கும் மொத்தமாக ஒரு விலை பேசப் பார்ப்பார். சம்மதிக்காதே. ஒவ்வொன்றாக எடுத்து விலை சொல்லச் சொல். முடிந்தால் அவர் வருகையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடு. சனிக்கிழமை அக்கரைப்பற்று பஸ்ஸில் கண்ணாடியோடு வந்து இறங்குகிறேன், இருவருமாக உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்