விற்பதற்கு முன் உதிரி பாகம்

ஆசிரியருக்கு வணக்கம். ஞாயிறு இணைப்பில் ஹைன்ரிஷ் நோர்டாஃப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1948 ஜனவரியில் ஜெர்மன் கார் நிறுவனமான ஃபோக்ஸ்வாகனின் பொறுப்பை ஏற்று, போரில் சிதைந்த வொல்ஃப்ஸ்பர்க் ஆலையிலேயே கட்டில் போட்டுத் தங்கியதையும், 1955 ஆகஸ்டில் அந்நிறுவனத்தின் பத்து லட்சமாவது பீட்டில் கார் வெளிவந்ததையும் அழகாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் அவருடைய பெரிய சாதனை அந்த எண்ணிக்கை அல்ல. கார் விற்கும் முகவரிடம் பட்டறையும் உதிரி பாக இருப்பும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். 1950களின் இறுதியில் பாகம் கிடைக்காமல் வேறு சில ஐரோப்பிய கார்கள் அமெரிக்காவில் பெயரைக் கெடுத்துக்கொண்டபோது, பீட்டில் நிலைத்து நின்றதற்கு இது முக்கியக் காரணம். ஒரே மாடலைக் கடைசிவரை விடாமல் பிடித்திருந்தது அவருடைய குறைதான், சரி. அதற்காக இதைச் சொல்லாமல் விடலாமா?

இருபது ஆண்டுகளாக உதிரி பாகக் கடை வைத்திருக்கிறேன். சென்ற மாதம் ஒருவர் உடைந்த பின்விளக்குக் கண்ணாடியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். கார் வாங்கி மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. ஏழு வாரம் அலைந்தும் அந்தப் பாகம் கிடைக்கவில்லை. புதிய கார்களைப் பற்றி எழுதும்போது மைலேஜ், விலையோடு, பம்பர், விளக்கு, பிரேக் பேடு ஆகியவை எத்தனை நாளில் கிடைக்கும் என்பதையும் விசாரித்து ஒரு வரி சேர்த்து வெளியிடுங்கள்.

– வாசகர், ஈரோடு