கோடு போடுங்கள், முகத்தில் வேண்டாம்

ஒளிப்பட மன்றத்தின் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் நீங்கள்தான். கண்காட்சிக்கு வந்த உருவப்படங்களில் எடுபடாதவற்றைக் கட்டாகக் கட்டி வாசலில் வைத்திருந்தீர்கள். என் படமும் அதில் இருந்தது. அதைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதற்காக இந்த மடல் இல்லை. நான்கு வருடத்தில் இது ஏழாவது முறை. பழகிவிட்டது என்றால் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். திரும்பி வந்த படத்தை மூன்று மாதம் பீரோவுக்குள் போட்டுவிட்டு அப்புறம் எடுத்துப் பார்ப்பது என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கோபம் வடிந்த பிறகு பார்த்தால் பாதிக்கு மேல் நீங்கள் செய்தது சரி என்றே தோன்றும்.

இந்த முறை பீரோவில் வைக்க முடியவில்லை. உங்களில் யாரோ சிவப்பு மார்க்கரை எடுத்து, படத்தில் இருந்த மீன்கார அம்மாவின் நெற்றிக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்து, வலது கண்மேல் பெருக்கல் குறி போட்டு, கன்னத்தில் 'உயிர் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். பின்பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது.

அவர் கடலூர் முதுநகரில் மீன் விற்பவர். மற்ற நாட்களில் அவரை நிற்க வைத்துப் படம் எடுப்பது நடக்காது. ஏலம் முடிந்தால் கூடையோடு பறந்துவிடுவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது. கருவாட்டை விரித்துப் போட்டுக்கொண்டு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான், நாலைந்து வாரம் போய்ப் பேசி, ஒரு காலையில் சம்மதித்தார். "சிரிக்கணுமா தம்பி?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். படத்தைப் பெரிதாகப் போட்டு, புதுச்சேரியில் காட்டிவிட்டு அவரிடமே கொடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்தேன். மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவனுக்கு 12-க்கு 18 அங்குலத்தில் இரண்டு பிரதி போடுவது யோசிக்க வேண்டிய செலவு. ஒன்றுதான் போட்டேன். அதைச் சுருட்டி, பஸ்ஸில் யார் முழங்கையும் படாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து உங்கள் மேசையில் வைத்தேன்.

திங்கட்கிழமை காலை அந்த அம்மா நான் வேலை பார்க்கும் கடைக்கே வந்துவிட்டார். "வச்சாங்களா?" என்றார். படம் மேசைக்கு அடியில் இருந்தது. நான் ஏதோ சொல்லி மழுப்புவதற்குள் அவரே குனிந்து எடுத்துப் பிரித்துவிட்டார். கொஞ்ச நேரம் பார்த்தார். "என் மூஞ்சியில எவன் கோடு போட்டான்?" என்றார். கடையில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். அந்த எழுத்தை வாசிக்கச் சொன்னார். அவருக்குப் படிக்கத் தெரியாதது அன்றைக்கு எனக்கு உதவியாகப் போயிற்று என்று எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. 'நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க' என்றேன். நம்பவில்லை. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன். மேட் தாள், மை உள்ளே இறங்கிவிட்டது. சிவப்பு நெற்றி முழுக்கப் பரவியதுதான் மிச்சம்.

சரி, படம் எப்படி? நானே சொல்கிறேன். ஃபோகஸ் கண்ணில் இல்லை, தோட்டில் இருக்கிறது. 50 எம்எம் லென்ஸின் துவாரத்தை 1.8-ல் அகலத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மீட்டர் பக்கத்தில் போனேன். என் கேமராவில் அந்தத் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை. அவர் லேசாகத் தலையைத் திருப்பினார், கண் போய்விட்டது. துவாரத்தைக் குறுக்கி நான்கில் வைத்திருந்தால் தப்பித்திருக்கும். இதை மஞ்சக்குப்பத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒரு பெரியவர் படத்தைப் பார்த்த அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார். 'உயிர் இல்லை' என்பதை வைத்து நான் எந்த எண்ணைத் திருகுவது? நிராகரியுங்கள். காரணத்தை இரண்டு வரியில், தனித்தாளில் எழுதிக் கொடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

இங்கிலாந்தின் பழைய உருவப்பட ஒளிப்படக்காரர் ஜூலியா மார்கரெட் கேமரன் பெயரை நீங்களே கூட்டங்களில் சொல்வதுண்டு. 48 வயதில், 1863 டிசம்பரில், மகளும் மருமகனும் கேமரா வாங்கிக் கொடுத்து ஆரம்பித்தவர். ஃபோகஸ் தெரியாதவர், படம் பதியும் கண்ணாடித் தகட்டைச் சுத்தமாக வைக்கத் தெரியாதவர் என்று லண்டன் ஒளிப்படக்காரர்கள் அவரைக் கிழித்தார்கள். 1865-லேயே சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவர் படங்களை வாங்கியது. நான் கேமரன் இல்லை, என் படத்தில் போன ஃபோகஸ் கலையும் இல்லை, கவனக்குறைவு. ஆனால் அவரைத் திட்டியவர்கள்கூட எது தப்பு என்று விளங்கும்படி எழுதினார்கள். ஏற்பதா தள்ளுவதா என்று முடிவுசெய்ய அவருக்கு ஏதோ ஒன்று கையில் இருந்தது.

நீங்கள் தேர்ந்தெடுப்பவற்றைப் பார்த்து நாங்களாகவே கற்றுக்கொள்ளலாம் என்கிறீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். புதுச்சேரி ஒயிட் டவுன் மஞ்சள் சுவர், பக்கத்தில் காகிதப்பூ, முன்னால் சைக்கிள், பாவாடை தாவணியில் ஒரு மாடல். அதை விட்டால் தாடி வைத்த தாத்தா, கருப்பு வெள்ளையில், சுருக்கம் எண்ணும்படி. பீடிப்புகை இருந்தால் பரிசு உறுதி. ஐம்பது வயது மீன்கார அம்மாவுக்குச் சுருக்கம் போதவில்லை போலிருக்கிறது. பத்து வருடம் கழித்துக் கூட்டி வருகிறேன். இன்னொரு பக்கம் மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் எதைப் போட்டாலும் 'அருமை சார்', கூப்பிய கை, பூங்கொத்து. அங்கே தேன், இங்கே மார்க்கர். நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்து 'வாசல் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பியிருந்தால் கண்ணில் வெளிச்சப்புள்ளி விழுந்திருக்கும்' என்று சொல்ல மாட்டாரா?

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டுவிட்டேன்.

அந்த ஸ்டுடியோ பெரியவர் படத்தின்மேல் விரலைக்கூட வைக்கவில்லை. பட்டர் பேப்பர் ஒன்றைப் படத்தின்மேல் விரித்து, பென்சிலால் அதில் லேசாகக் கட்டம் போட்டுக் காட்டினார்: இங்கே வெட்டு, இங்கே வெளிச்சம் அதிகம், இந்தக் கைக்கு இடம் கொடு. தாளை எடுத்தால் அடியில் முகம் அப்படியே இருந்தது. அவர் சொன்னதும் கடுமையாகத்தான் இருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வந்தது.

எனவே தயவுசெய்து, அடுத்த தேர்விலிருந்து படத்தின்மேல் எழுதுவதை நிறுத்துங்கள். காரணத்தை இரண்டு வரியில், தனித்தாளில் கொடுங்கள். இந்த மடலோடு பட்டர் பேப்பர் இருபது தாளும் ஒரு பென்சிலும் வைத்திருக்கிறேன்.

அந்த அம்மாவுக்குப் புதுப் பிரதி போடக் கொடுத்திருக்கிறேன், சனிக்கிழமை கிடைக்கும். கோடு போட்டது யார் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் சொல்லவில்லை.

இப்படிக்கு,
கடலூரிலிருந்து ஓர் உறுப்பினர்